வீட்டில் உளி பிடிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,



வாரம் முழுவதையும் கோப்பும் கணக்குமாகவோ, பாடமும் பரீட்சையுமாகவோ கழித்துவிட்டு, ஞாயிறு பிறந்ததும் மொட்டைமாடிக் கொட்டகையிலோ, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்திலோ, அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலோ ஒரு பலகைத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதை முக்காலியாக்கவோ புத்தக அலமாரியாக்கவோ முயன்றுகொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும், அதே தொழிலில் அதே ஆசை கொண்ட ஒருவன் எழுதும் மடல் இது. நாம் ஒருவரையொருவர் அறியோம். ஆயினும் நம் வீடுகளின் நிலைமை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பது என் அனுமானம். மின்சார ட்ரில் ஒன்று இருக்கும். மின்வாள் ஒன்றோ இரண்டோ இருக்கும். விலையுயர்ந்த உளிகள் உறை கழற்றப்படாமல் வரிசையாக இருக்கும். இத்தனையும் இருந்தும், அறுக்க வேண்டிய பலகை சாப்பாட்டு மேசையின் விளிம்பில் முழங்காலால் அழுத்தப்பட்டிருக்கும். இழைக்க வேண்டிய சட்டம் மாடியின் கைப்பிடிச் சுவரில் முட்டுக்கொடுத்து நிற்கும். வீட்டிலுள்ள பிள்ளை ஒருவன், படிப்பை விட்டுவிட்டு, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

இந்த மடலின் நோக்கம் ஒன்றே. அடுத்த கருவியை வாங்குவதற்கு முன்னால், எத்தனை அடித்தாலும் எத்தனை தள்ளினாலும் இடம்விட்டுப் பெயராத கனத்த தச்சு மேசை ஒன்றை நீங்களே செய்து, அதற்கு வேண்டிய பிடிமானங்களைப் பொருத்தி முடியுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதே அந்த நோக்கம்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும். அது நியாயமான ஆட்சேபமும்கூட. நம் ஊர் ஆசாரிமார்கள் மேசையா வைத்துக்கொண்டார்கள்? தேரும், கதவு நிலையும், கலப்பையும், மாட்டுவண்டியும் செய்த கைகள் தரையில் உட்கார்ந்தல்லவா செய்தன? மெய்தான். முதிர்ந்த ஆசாரி ஒருவர் தரையில் அமர்ந்து வேலை செய்வதைச் சற்று நின்று கவனித்துப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டி, நீட்டிய காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சட்டத்தின் நுனியைக் கவ்விக்கொள்வார். குதிகால் அதன் பக்கவாட்டை அணைத்திருக்கும். மறுமுனை, தரையில் அறைந்த ஒரு முளையிலோ சுவரோரக் கல்லிலோ முட்டியிருக்கும். வாய்ச்சி விழுகிற ஒவ்வொரு முறையும், விழுவதற்கு ஒரு கணம் முன்னால் பாதம் இறுகுவதையும், விழுந்தபின் தளர்ந்து சட்டத்தை ஒரு விரற்கடை உருட்டிக் கொடுப்பதையும் காணலாம். கைக்கும் காலுக்கும் இடையே நடக்கும் அந்தச் சம்பாஷணை, சிறுவயதிலிருந்து தகப்பனாரின் அருகில் உட்கார்ந்து பழகியதால் வந்தது. அவருக்கு மேசை வேண்டியதில்லை; ஏனெனில் மேசை செய்யவேண்டிய காரியத்தை அவருடைய உடம்பே செய்துவிடுகிறது.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வழக்கமும் அன்று. ஜப்பானியத் தச்சர்களும் வழிவழியாகத் தரையையும் தாழ்ந்த கட்டைகளையும் ஆதாரமாகக் கொண்டு, வாளையும் இழைப்புளியையும் தம்மை நோக்கி இழுத்து வேலை செய்தவர்களே. ஜெர்மனியில் சால்பர்க் என்னும் இடத்திலுள்ள ரோமானியக் கோட்டையின் பழங்கிணறுகளிலிருந்து, சுமார் 1800 ஆண்டுகளுக்கு முற்பட்ட தச்சு மேசைகளை எடுத்திருக்கிறார்கள். அவை முழங்கால் உயரத்துக்கு மிஞ்சாதவை. வேலைக்காரன் மரத்தின்மேல் உட்கார்ந்து, தன் உடற்பாரத்தாலேயே அதை அசையவொட்டாமல் வைத்துக்கொள்வதற்கு ஏற்றவை. ஐரோப்பாவில் மேசை பின்னாளில் இடுப்பளவுக்கு உயர்ந்தது. மனிதன் எழுந்து நின்றான். மரத்தைப் பிடிக்கும் பொறுப்பு அவன் உடம்பிலிருந்து மேசைக்கு மாறியது. பாரிஸ் நகரத்துத் தச்சரான ரூபோ என்பவர் 1769-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட பெருநூலில் வரைந்து காட்டிய மேசையில், பலகையின் கனமே 5 முதல் 6 அங்குலம். அகலம் 20 முதல் 24 அங்குலம். அத்தனை கனம் ஆடம்பரத்துக்காக வைத்ததன்று.

ஆகவே ஆசாரிக்கு மேசை தேவையில்லை என்பது, நமக்கும் தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. நமக்கு அந்தப் பாதம் இல்லை. நாற்பது வயதுக்குமேல் உளி பிடித்த நம் முழங்கால்கள் தரையில் ஒரு மணி நேரம் மடங்கியிருக்கவும் சம்மதிக்கமாட்டா. அவர் உடம்பில் அப்பியாசத்தால் ஊறிப்போன அந்த நிலைத்தன்மையை நாம் மரத்தாலும் இரும்பாலும் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். தச்சு மேசை என்பது அவ்வளவுதான். அதைச் செய்யாமல், வராத நேர்த்தியைக் கருவிகள் கொண்டுவந்து தரும் என்று எதிர்பார்ப்பது வீண். கோணலாக அறுபட்ட பலகைகளில் பாதிக்குமேல், வாளின் குற்றத்தால் கோணியவை அல்ல. அறுக்கும்போது பலகை நகர்ந்ததால் கோணியவை.

சாதாரண மேசைக்கும் தச்சு மேசைக்கும் உள்ள வித்தியாசம் அவை தாங்கும் விசைகளில் இருக்கிறது. சாப்பாட்டு மேசைமீது பாரம் மேலிருந்து கீழாக மட்டுமே இறங்குகிறது. தச்சு மேசையிலோ, கொட்டாப்புளியால் உளியை அடிக்கும்போது விசை கீழ்நோக்கிப் பாய்கிறது. வாளால் அறுக்கும்போது குறுக்கே வந்துபோகிறது. இழைப்புளியைத் தள்ளும்போது மேசையின் நீளவாட்டில் மனிதனின் முழு உடற்பலமும் திரண்டு செல்கிறது. இம்மூன்றில் கடைசியே கொடியது. மெல்லிய கால்களும் ஆணியடித்த மூலைகளும் கொண்ட மேசையில் பலகை இழைப்பது, ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் பழகுவதற்கு ஒப்பாகும். செலுத்திய பலத்தில் பாதி மேசையை ஆட்டுவதிலேயே செலவாகிவிடும்.

இனி அளவுகளுக்கு வருகிறேன். நிமிர்ந்து நின்று கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்கினால், அந்த உள்ளங்கை எங்கே நிற்கிறதோ அதுவே இழைப்பதற்கு உகந்த உயரம். ஐந்தரை அடி மனிதருக்கு இது 31 முதல் 33 அங்குலத்துக்குள் அடங்கும். நீளம் 6 அடி இருந்தால் வீட்டுத் தேவைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். இடமில்லாதவர்கள் 5 அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அகலம் 2 அடிக்குமேல் போகவேண்டாம். எட்டாத அகலம் சாமான்களைக் குவிக்கத்தான் பயன்படும். பலகையின் கனம் 3 அங்குலம். கால்கள் நாலுக்கு நாலு அங்குலம். கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் 6 அங்குல அகலமும் 2 அங்குலக் கனமும் உடையவை. முன்புறக் கால்களின் முகமும் பலகையின் முன்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டியது அவசியம். அப்போதுதான் நீண்ட பலகையொன்றின் ஓரத்தை இழைக்கையில், அதைக் காலோடு சேர்த்து கிளாம்ப் போட்டு நிறுத்த முடியும். அழகுக்காகப் பலகையை முன்னால் நீட்டிக் கால்களை உள்ளே தள்ளுகிறவர், மேசையின் உபயோகத்தில் பாதியை இழந்துவிடுகிறார்.

இந்த அளவுக்கு மேற்பலகை 3 கன அடி, கால்கள் சற்றேறக்குறைய 1 கன அடி, சட்டங்கள் 1 கன அடி என்று மொத்தம் 5 கன அடி மரம் செல்லும். சேதாரத்துக்கு இன்னும் ஒன்று சேர்த்து வாங்குங்கள். நடுத்தரக் கனமுள்ள மரமொன்று கன அடிக்கு 18 கிலோ நிறுக்கும். ஆக மேசை 90 கிலோவாகும். கீழே ஒரு தட்டு அமைத்து அதில் கருவிப்பெட்டியையும் வைத்துவிட்டால் 100 கிலோவைத் தாண்டும். இந்தப் பாரத்தை நினைத்து அஞ்சவேண்டாம். நாம் விலைகொடுத்து வாங்குவதே இந்தப் பாரத்தைத்தான்.

எந்த மரம் என்று கேட்பீர்கள். தேக்கு என்று உங்கள் நாவில் வருவதற்குள் தடுத்துவிடுகிறேன். தேக்கு உத்தமமான மரம்; ஆனால் உளிக்காயமும் வாள்கீறலும் படவேண்டிய இடத்தில் அதைப் போடுவது விரயம். செட்டிநாட்டு வீடுகள் இடிபட்டு வரும் பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டு மனம் மயங்கவும் வேண்டாம். அவற்றுக்கு வேறு கௌரவமான ஸ்தானங்கள் உண்டு. வேம்பு, வாகை, பூவரசு, மா ஆகியவற்றில் நன்றாகக் காய்ந்தது எது அகப்பட்டாலும் மேசைக்குப் போதும். வேம்பில் இழை மாறி மாறி ஓடுவதால் இழைப்பது சிரமம். அதைக் கால்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரிப் பக்கத்தவர்களுக்கு ரப்பர் மரம் எளிதில் கிடைக்கும். அதில் மாவுச்சத்து மிகுதியாதலால் பூச்சி விரைவில் துளைக்கும். போரான் மருந்து ஏற்றியதா என்று விசாரித்தே வாங்கவேண்டும். சவுக்கு பாரமானது, ஆனால் வெடிக்கவும் முறுக்கிக்கொள்ளவும் செய்யும், அதை விட்டுவிடுங்கள். இடித்த வீட்டு உத்தரங்களும் சட்டங்களும் பல்லாண்டுகள் காய்ந்தவையாதலால் சிரேஷ்டமானவை. ஒரு காந்தத்தை அவற்றின்மேல் ஓட்டிப் பார்த்து, உள்ளே புதைந்த ஆணிகளைக் களைந்த பிறகே வாளை வையுங்கள். புது மரமாயின் ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காயவேண்டும் என்பது பழைய கணக்கு. மரமே அகப்படாத நகரவாசிகள் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகைகள் இரண்டு வாங்கலாம். எட்டடிக்கு நாலடிப் பலகை ஒவ்வொன்றிலும் ஆறடிக்கு இரண்டடித் துண்டுகள் இரண்டு கிடைக்கும். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டுத் திருகினால் 72 மில்லிமீட்டர் கனத்தில், வெயிலிலும் மழையிலும் அவ்வளவாக அசையாத மேற்பலகை தயாராகிவிடும்.

மூட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. காலில் துளை வெட்டி, சட்டத்தின் நுனியை அத்துளைக்கேற்ற நாக்காகச் செதுக்கி இறக்குவதே மூட்டுகளில் உயர்ந்தது. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவிதி. வாடகை வீட்டுக்காரர்கள் நீளவாட்டுச் சட்டங்களை மாத்திரம் பசையிடாமல் நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிக்கொள்வார்களாயின், வீடு மாறும்போது கழற்றவும் செய்யலாம். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி மூட்டு தளர்ந்தால், ஸ்பானரை எடுத்து ஒரு சுற்று முடுக்கவும் செய்யலாம். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாட்டில்தான் ஐப்பசி மழையில் விரிந்து, கோடையில் ஒடுங்குகிறது. ஆதலால் மேற்பலகையை முன்புறச் சட்டத்தில் மட்டும் உறுதியாகப் பிணைத்துப் பின்புறத்தில் நீண்ட துளையிட்டுத் திருகுங்கள். இயற்கையின் இந்தச் சிறு சலனத்துக்கு வழிவிடாமல் நாலுபுறமும் கட்டினால் பலகை வெடிக்கும். அந்நாளில் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிக் காய்ச்சிப் பூசவேண்டியிருந்தது. 1959-இல் வந்த ஃபெவிகால் அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிட்டது.

மேசை எழுந்து நின்றதும் அதன் முகத்தை மட்டப்படுத்த வேண்டும். இதற்கு நுட்பமான கருவி எதுவும் வேண்டாம். நேராக இழைத்த இரண்டு சட்டங்களை எடுத்து, ஒன்றை மேசையின் இந்தக் கோடியிலும், மற்றதை அந்தக் கோடியிலும் குறுக்காக வையுங்கள். தூரத்துச் சட்டத்தின் மேல்விளிம்பில் சுண்ணாம்பைத் தீற்றிக்கொள்ளுங்கள். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடி, அருகிலுள்ள சட்டத்தின் விளிம்புக்கு மேலாகத் தூரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். தலையை மெல்லத் தாழ்த்தத் தாழ்த்த, அந்தக் கோடு இருபுறமும் ஒருசேர மறைந்தால் பலகையில் முறுக்கு இல்லை. இடப்புறம் மறைந்து வலப்புறம் ஒரு நூலளவு வெள்ளை எஞ்சி நின்றால், தூரத்து வலது மூலை உயர்ந்திருக்கிறது. அல்லது அருகிலுள்ள அதே பக்கத்து மூலை தாழ்ந்திருக்கிறது. உயர்ந்த இரண்டு மூலைகளையும் மூலைவிட்டமாக இழைத்து, மறுபடி பார்த்து, மறுபடி இழைக்க வேண்டும். இந்தப் பயிற்சியைச் சிரத்தையோடு செய்து முடித்தவருக்கு, இனி வாழ்நாளில் எந்தப் பலகையின் கோணலும் தப்பாது.

இனி இந்த மேசைக்கு மரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதற்பிடிமானம் மிக எளியது: இடது கோடியில் ஒன்றரை அங்குலச் சதுரத் துளை ஒன்றை வெட்டி, அதில் இறுக்கமாக ஏறி இறங்கும் கட்டையொன்றைச் செருகிவிட்டால் போதும். கீழிருந்து கொட்டாப்புளியால் தட்டினால் கட்டை எழும். மேலிருந்து தட்டினால் அடங்கும். அதில் பலகையை முட்டவிட்டு இழைக்கலாம். ஆசாரி தரையில் அறைந்த முளைதான் இது; இடம் மாத்திரம் மாறியிருக்கிறது. இரண்டாவது, பாதத்தின் வேலையைச் செய்யும் இரும்புக் கொக்கி. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கம்பியை வளைத்து, வளைந்த நுனியைத் தட்டையாக்கித் தரும்படி பட்டறைக் கொல்லரிடம் கேளுங்கள். மேசையில் முக்கால் அங்குலத் துளைகள் நாலைந்து போட்டுக்கொண்டு, கம்பியை ஒன்றில் இறக்கி, தட்டை நுனி பலகைமேல் படியும்படி வைத்து, முதுகில் ஓங்கி ஒரு தட்டு. முதலில் இரும்பு நெகிழ்ந்த ஒலி கேட்கும். தட்டு சரியாக விழுந்ததும் ஒலி சுருங்கி அடங்கிவிடும். கம்பி துளைக்குள் சாய்ந்து இருபுறச் சுவரையும் கவ்விக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். இரு கையாலும் இழுத்தாலும் பலகை அசையாது. விடுவிக்கப் பின்னாலிருந்து ஒரு தட்டுப் போதும். திருகாணியும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. இவ்வளவு மலிவான விலைக்கு இவ்வளவு பிடி கொடுக்கும் உபகரணம் வேறொன்றை நான் அறியேன்.

மூன்றாவதாகத்தான் வைஸ். 7 அல்லது 9 அங்குல வார்ப்பிரும்பு வைஸ் ஒன்றை முன்புறம் இடது காலையொட்டிப் பொருத்துங்கள். இடக்கையால் வேலை செய்வோர் வலப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதன் உள்தாடை மேசை விளிம்புக்கு வெளியே துருத்தாமல் மரத்துக்குள் புதைந்திருக்கட்டும். இரு தாடைகளுக்கும் மரத்துண்டு கட்டிவிட்டால் வேலைப்பொருளில் தழும்பு விழாது. இவை மூன்றும் அமைந்தபின், 14 அங்குல இழைப்புளி ஒன்று, கால், அரை, ஒரு அங்குல உளிகள் மூன்று, கைவாள் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, சாணைக்கல் ஒன்று ஆகியவையே ஆரம்பக் கருவிகள். மற்றவற்றைத் தேவை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

மேசைக்கு வார்னிஷ் பூசவேண்டாம். வழுவழுப்பு நமக்குச் சத்துரு. ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றும் தன்மையுடையது. ஆகையால் திறந்த வெளியில் விரித்துக் காயவைக்க மறக்கக்கூடாது. கறையான் நடமாடும் மண்ணில் மேசையை நிறுத்துவோர், கால்களின் அடியில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கருங்கல் துண்டுகளின்மேல் வையுங்கள்.

“தச்சு தெரிந்தால்தானே மேசை செய்யமுடியும், மேசை இருந்தால்தானே தச்சு கற்கமுடியும்” என்று வாதாடுவோர் சிலர் உங்களுக்குள் இருப்பார்கள். 1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகளோடு குடியேறிய சத்தியாக்கிரகிகள் பிறவித் தச்சர்கள் அல்லர்; அவர்களுள் தமிழர்களும் இருந்தார்கள். ஆயினும் பெஞ்சு முதல் பெட்டி வரை தங்களுக்கு வேண்டியவற்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். வழிகாட்டுவதற்குத் தச்சு தெரிந்த காலன்பாக் போன்றோர் சிலர் இருந்தார்கள், அவ்வளவே. நமக்கும் அத்தகையவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மூட்டுகளை வெட்டும் நாளில் பக்கத்து ஆசாரியாரை ஒரு முழுநாள் கூலிக்கு அழைத்து, அவர் செய்வதைப் பார்த்திராமல், நீங்கள் செய்வதை அவர் பார்த்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். தயாரித்த மரச்சாமான்களும் அச்சடித்த பலகைகளும் கடைகளை நிறைத்துவிட்ட இக்காலத்தில், தமது வித்தையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் வருவது அவருக்கும் ஒரு மரியாதை. கூலியைக் குறைத்துப் பேசாமல் கொடுப்பது நம் மரியாதை.

இடமில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்த மேசை அடைத்துக்கொள்ளும் தரை 12 சதுர அடி. ஆறுக்கு மூன்றில் ஒற்றைக் கட்டில் அடைத்துக்கொள்வது 18 சதுர அடி. மழைக்காலம் ஓய்ந்து மரம் வற்றத் தொடங்கும் தை மாதம் வேலைக்கு உகந்தது. அதற்குள் மரத்தைத் தெரிந்தெடுத்து, நிழலில் அடுக்கிவிடலாம். அடுத்த மின்வாளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் தொகையை எடுத்துக்கொண்டு முதலில் மரக்கடைக்குப் புறப்படுங்கள். கருவிக்கடை எங்கும் போய்விடாது.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்.